பிளாக்பூல், விட்பி, ஸ்கார்பரோ: பிள்ளைகளோடு ஒரு நாள் போக எது சரி?

வட இங்கிலாந்தில் லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடை விடுமுறை வந்தாலே, இந்த மூன்று கடற்கரை ஊர்களில் எதற்குப் போவது என்ற பேச்சு வந்துவிடும். சின்னப் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி, காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால், என் ஓட்டு ஸ்கார்பரோவுக்குத்தான்.

பிளாக்பூல் போவது சுலபம். மான்செஸ்டரிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். 1894-இல் திறந்த 158 மீட்டர் உயரக் கோபுரம், கடலுக்குள் நீளும் மூன்று கடற்பாலங்கள், கரையோரமாகவே ஃப்ளீட்வுட் வரை ஓடும் டிராம். கடற்கரைச் சாலை சமதரை என்பதால் தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் சிரமமே இல்லை. ஆனால் அங்கே எதைத் தொட்டாலும் டிக்கெட். நாலைந்து பேருக்கு எடுத்துப் பாருங்கள், தெரியும். கடலும் நம் நேரத்துக்கு வராது. கடல் ஏற்றம் முழுதாக இருக்கும்போது தண்ணீர் சுவர் வரை வந்து, நகர்ப்பகுதியில் மணலே இருக்காது. வற்றத்தில் வெகு தூரம் உள்வாங்கிவிடும். ஏற்ற நேரம் பார்க்காமல் போகவே கூடாது. இலையுதிர் காலத்து விளக்கு அலங்காரம் அற்புதம், ஆனால் அது இருட்டிய பிறகுதான். அதற்காகப் போனால் ஓர் இரவு தங்குங்கள். ரோலர் கோஸ்டர் கேட்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் மட்டும் ப்ளெஷர் பீச் என்ற கேளிக்கைப் பூங்காவுக்காகவே பிளாக்பூல் போகலாம்.

மூன்றிலும் அழகு விட்பிதான். குன்றின் மேல் இடிந்து நிற்கும் மடாலயம், 657-இல் தொடங்கிய மடத்தின் தொடர்ச்சி. கடலோடி கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் கட்டப்பட்டதும் இந்தத் துறைமுகத்தில்தான். ஆனால் மேலே போக 199 படிகள். முழங்கால் வலி உள்ளவர்களைக் காரில் மறுபக்கமாக மடாலய நிறுத்துமிடத்துக்கே கூட்டிப் போய்விடலாம். ரயில் மிடில்ஸ்பரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம், அதுவும் நாளுக்குச் சில வண்டிகள்தான். பத்து வயதுக்கு மேற்பட்ட, வரலாற்றில் ஆசையுள்ள பிள்ளை என்றால் கட்டாயம் போங்கள்.

சரி, ஸ்கார்பரோ. கோட்டை நிற்கும் குன்று கரையை இரண்டாகப் பிரிக்கிறது. தெற்கு விரிகுடாவில் அகலமான மணல், மீன்பிடித் துறைமுகம், கழுதைச் சவாரி, விளையாட்டுக் கூடங்கள். லீட்ஸிலிருந்து நேர் ரயில், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நிலையத்திலிருந்து மணலுக்கு இறக்கம்தான். திரும்பி ஏறுவதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். அதற்கு 1881 முதல் ஓடும் சென்ட்ரல் டிராம்வே இருக்கிறது, சரிவில் ஏறி இறங்கும் குட்டி வண்டி. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு சவாரி.

வடக்கு விரிகுடா அமைதியானது. பீஸ்ஹோம் பூங்காவின் ஏரியில் கோடையில் மாதிரிக் கப்பல்களின் கடற்போர் நடக்கும். அவற்றில் பெரிய கப்பல்களுக்குள் ஆட்களே உட்கார்ந்து ஓட்டுவார்கள். பக்கத்திலேயே 1931-இல் தொடங்கிய சிறு ரயில். மணல், பூங்கா, ரயில் மூன்றும் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பதால்தான் ஒரே நாளுக்கு இந்த ஊர் பொருந்துகிறது. குளிப்பதாக இருந்தாலும் வடக்கே போங்கள். தெற்கு விரிகுடாவின் நீர் 2023-இல் மோசமான தரம் என்று வகைப்படுத்தப்பட்டது; அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள்.

விட்பியும் ஸ்கார்பரோவும் இருக்கும் கிழக்குக் கரைக்கு ஒரு குறை உண்டு. வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடல் மேல் படும்போது மூடுபனி கிளம்பும். லீட்ஸில் வெயில் கொளுத்தும், கரையில் பனி மூடியிருக்கும். எனவே ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்டிலும்.

அப்புறம் சாப்பாடு. இதே யார்க்‌ஷயர் கரையில் பல கடைகளில் மீனையும் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். வெறும் சிப்ஸ்தானே என்று சைவக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. வரிசையில் நிற்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.