காணாமற்போகாத சிஸ்டம் கோப்புக்கு வாங்கப்பட்ட கட்டணம்

மால்வேரை (தீங்கு விளைவிக்கும் மென்பொருளை) நீக்கிய பிறகு கணினியில் ஏதேனும் கோப்பு இல்லை என்ற செய்தி தோன்றினால், 'டிஎல்எல் (நிரல்கள் இயங்கும்போது அழைத்துப் பயன்படுத்தும் துணைக்கோப்பு) பழுதுநீக்கம்' என்று விளம்பரம் செய்யும் சேவைகளிடம் கணினியை ஒப்படைத்துவிட வேண்டாம். அத்தகைய ஒரு சேவையிடம் நான் பணம் இழந்த விதத்தை இங்கே பதிவுசெய்கிறேன்.

ஆன்டிவைரஸ் மென்பொருள் மால்வேரை நீக்கிய பின், விண்டோஸ் தொடங்கும் ஒவ்வொரு முறையும் 'ரன்டிஎல்எல்' என்ற தலைப்புடன் ஒரு சிறு பெட்டி தோன்றி, குறிப்பிட்ட மாட்யூலைக் கண்டறிய முடியவில்லை என்று தெரிவித்தது. நிரல்கள் தம் தரவை வைக்கும், பயனர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் உள்ள ரோமிங் என்ற உட்கோப்புறையில், பொருளற்ற எழுத்துகளாலான பெயர்கொண்ட ஒரு டிஎல்எல் கோப்பை அது தேடிக்கொண்டிருந்தது. நான் அணுகிய சேவையின் பணியாளர், தொலைவிலிருந்தே கணினியை இயக்க அனுமதி பெற்றுக்கொண்டு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அதிலிருந்த சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அவை அனைத்தும் அழிந்துபோன சிஸ்டம் கோப்புகள் என்றார். பழுதில்லாத கணினியிலும் அங்கே அத்தகைய பிழைக்குறிப்புகள் இருக்கவே செய்யும். அச்சுறுத்துவதற்கு அதைவிட வசதியான திரை விண்டோஸில் வேறில்லை.

கட்டணத்தைப் பெற்றுக்கொண்ட அவர் செய்தது இவ்வளவுதான்: எங்கிருந்தோ பதிவிறக்கிய ஒரு டிஎல்எல் கோப்புக்கு அந்தப் பொருளற்ற பெயரையே சூட்டி, அதே கோப்புறையில் வைத்தார். மறுமுறை கணினி தொடங்கியபோது, மாட்யூல் இல்லை என்ற செய்தி போய், அக்கோப்பில் 'என்ட்ரி' இல்லை என்ற வேறொரு செய்தி வந்தது. பெயர் பொருந்தியதால் கோப்பு ஏற்றப்பட்டது. ஆனால் அழைக்கப்பட்ட செயல்கூறு அதற்குள் இல்லை. பாதிப்பு ஆழமாகப் பரவியிருப்பதற்கு இதுவே சான்று என்று கூறி, அடுத்த நிலைத் திட்டத்திற்குப் பணம் கேட்டபோதுதான் நான் இணைப்பைத் துண்டித்தேன்.

உண்மையில் அந்தக் கோப்பு விண்டோஸுக்கு உரியதே அன்று. நீக்கப்பட்ட மால்வேரின் உடைமை. ஆன்டிவைரஸ் கோப்பை அழித்துவிட்டது, ஆனால் அதைத் தொடங்கச் சொல்லும் கட்டளையை, குறித்த நேரத்தில் பணிகளைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் விட்டுவிட்டது. தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிட மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியில், கோப்பு இல்லாத பதிவுகள் மஞ்சள் நிறத்தில் காட்டப்படும். போலிக் கோப்பை அழித்துவிட்டு, அந்தப் பதிவையும் அதில் நீக்கியதும் செய்தி நின்றது. சிலருடைய கணினியில் இத்தகைய மிச்சம், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பகுதியில் இருக்கலாம். பிறகு, நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்டைத் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து, சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' கட்டளையை இயக்கினேன். எந்த ஒருமைப்பாட்டு மீறலும் இல்லை என்றே விடை வந்தது. சிஸ்டம் கோப்பு எதுவும் காணாமற்போகவில்லை.

சிஸ்டம் கோப்புகள் மெய்யாகவே சேதமடைவதும் உண்டு. பயனர் உள்நுழைந்ததும் இயங்கும் யூசர்இனிட் கோப்பில் மால்வேர் புகுந்து, அதை ஆன்டிவைரஸ் அழித்துவிட்டால், உள்நுழைந்த உடனேயே விண்டோஸ் பயனரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அப்போதும் கோப்புகளை எங்கிருந்தோ ஒவ்வொன்றாகப் பதிவிறக்கத் தேவையில்லை. விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் உள்ள டிஸ்ம் என்ற பழுதுநீக்கக் கருவியின் 'ரீஸ்டோர்ஹெல்த்' கட்டளை, மூலப்பிரதிகள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் சேமிப்பைச் சீர்செய்யும். அதன்பின் எஸ்எஃப்சி அங்கிருந்து நல்ல பிரதியை எடுத்து வைக்கும். விண்டோஸே திறக்காவிட்டால், மீட்பு யுஎஸ்பியிலிருந்து தொடங்கி எஸ்எஃப்சியை இயக்கலாம். பல நிரல்கள் இயங்கத் தேவையான விஷுவல் சி++ தொகுப்பைச் சேர்ந்த டிஎல்எல் இல்லையென்றால், அத்தொகுப்பையே மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவ வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சேவை தொடங்கப்பட்டுவிட்டதால் இயலாது என்று பதில் அனுப்பினார்கள். அதைவிடக் கவலையளித்தது, அவர்கள் நிறுவிய தொலை இயக்க மென்பொருள், யாரும் அனுமதிக்காமலேயே மீண்டும் இணையும் வகையில் பின்னணிச் சேவையாக அமைக்கப்பட்டிருந்ததுதான். அதை அகற்றி, கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றி, ஆண்டுதோறும் தானாகக் கட்டணம் பிடிக்கும் ஒப்புதலை வங்கி வழியாக ரத்துசெய்தேன். இதே சேவையிடம் பணம் செலுத்தியவர்கள் இம்மூன்றையும் உடனே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.