தகரப் பெட்டி அலுவலகமும் மாரி மழையும்

மட்டக்களப்பில் இருக்கும் நண்பர் ஒருவர், அலுவலகத்துக்குப் போர்ட்டபிள் கெபின் (லொறியில் ஏற்றி இடம் மாற்றக்கூடிய தகட்டு அறை) ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். ஆட்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்களாம். கட்டடம் கட்டிப் பணத்தை முடக்க மனமில்லையாம். எங்கள் கெபினின் கூரை வேலை முடிந்து, கூலி கொடுத்த கை காய்வதற்குள் இந்தக் கேள்வி வந்தது. பதிலில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

அளவு, கதவு, ஜன்னல் விவரமெல்லாம் விற்பவர் தரும் தாளிலேயே இருக்கும். எங்களுடையது வழக்கமான 20 அடிக்கு 8 அடி. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே 50 மில்லிமீட்டர் நுரை. சுவரும் அதுதான், கூரையும் அதுதான். திருகோணமலை உப்புவெளியில், கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில் நிற்கிறது. வெளிநாட்டுச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்று களைத்து, எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். வாரத்தில் ஓரிரு நாள் ஒன்றுகூட ஓர் இடம், மற்ற நாட்களில் இரண்டு பேர் இருந்து வேலை பார்க்க ஒரு மேசை. இந்தத் தேவைக்குக் கெபின் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. பொய் சொல்லக்கூடாது.

ஆனால் மழை.

திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடுகிறது. மாரி தொடங்கும் காலத்தில் பிற்பகலில்தான் இடியோடு கொட்டும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் லண்டனில். அங்கே காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் இங்கே பிற்பகல் 2.30, ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியதும் 3.30. மேகத்துக்கும் அவர்களுக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கூரையில் முதல் துளி விழும். பிறகு நான் சொல்வது எனக்கே கேட்காது.

மூதூரில் வீட்டிலிருந்து வேலை செய்யும் தங்கை ஒருத்தி, முதல் மாரியில் மிகுந்த மரியாதையோடு கேட்டாள்: "அண்ணா, பக்கத்தில் யாரோ மீன் பொரிக்கிறார்கள் போலிருக்கிறது, கொஞ்சம் தள்ளியிருந்து பேசுங்களேன்." பொரித்தது வானம்.

ஹெட்செட் வாங்கினோம். இரைச்சலை நீக்கும் மென்பொருள் போட்டோம். அது மழையை நீக்கும்போது, பேசுகிறவரின் சொல்லில் கடைசி அசையையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. கதை பேசுகிறவர்களுக்கு அது பெரிய குறையில்லை. கணக்கெழுதுகிறவர்களுக்கு 'ஃபிஃப்டி'யும் 'ஃபிஃப்டீ'னும் ஒன்றாகக் கேட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தொகையையும் தட்டச்சு செய்து அனுப்பி உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அப்படியானால் கூட்டம் எதற்கு? வீட்டில் ஓட்டுக்கூரையின் கீழ் இருந்தவர்கள் தெளிவாகப் பேசினார்கள். அலுவலகம் என்று வந்தவர்கள்தான் ஊமையாக உட்கார்ந்திருந்தோம்.

விற்பவரின் தாளில் 'வெப்பமும் சத்தமும் தடுக்கும்' என்று அச்சிட்டிருந்தது. வெப்பம் சரி. கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களிலும் சிறிய ஏ.சி. ஒன்று தாராளமாகப் போதும். சத்தம் வேறு விடயம். அதைத் தடுக்க முதலில் பாரம் வேண்டும். பூசிய செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும். இந்தப் பலகை ஏறக்குறைய 10 கிலோ. போதாக்குறைக்கு உள்ளே இருக்கும் நுரை விறைப்பானது, சத்தத்தைக் குடிக்காது. மேல்தகட்டில் விழும் அதிர்வைக் கீழ்த்தகட்டுக்கு அப்படியே கடத்திவிடும். நடுவில் பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு (rock wool) வைத்த பலகை இதைவிட எவ்வளவோ மேல்; பாரமும் விலையும் கூடுதல்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பு நாங்கள் உவர்மலைப் பக்கம் குத்தகைக் காணியில் இருந்தோம். காணிக்காரர் மகளின் திருமணத்துக்காகக் காணியை விற்கப் போவதாகச் சொன்னார். கல்வீடாக இருந்திருந்தால் போட்ட பணம் அவருக்குப் போயிருக்கும். நாங்கள் மின் இணைப்பைக் கழற்றி, மேசைகளைச் சுவரோடு கட்டி, கிரேனும் லொறியும் பிடித்தோம். காலையில் தூக்கியது மாலையில் உப்புவெளியில் இறங்கியது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டிகூடக் கழன்று விழவில்லை. அன்று அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. புதிய இடத்தில் நான்கு மூலையையும் சீமெந்துக் கட்டைகளோடு இரும்புக் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. இலேசான பெட்டியைக் கட்டாமல் விட்டுத் தூங்க முடியாது.

மழைச் சத்தத்துக்கு மருந்து கடைசியில் கிடுகில், அதாவது பின்னிய தென்னோலையில் கிடைத்தது. கெபின் கூரையில் ஓட்டை போடவேண்டாம் என்று பக்கத்தில் குழாய்க் கால்கள் நட்டு, கூரைக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டுச் சட்டம் அமைத்தோம். அதில் கமுகஞ் சலாகை கட்டி, கிடுகை நெருக்கி வேய்ந்தார் ஊர்ப் பெரியவர் ஒருவர். துளி ஓலையில் விழுந்து, உடைந்து, வழிந்து ஓரத்தால் ஓடிவிடுகிறது. தகட்டைத் தொடுவதே இல்லை. அடுத்த இடி மழையில் லண்டன்காரர் பேசி முடித்துவிட்டு, இன்று அங்கே மழை இல்லையா என்று கேட்டார். வெளியே முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நிழல் விழுந்ததால் ஏ.சி.யின் மின்செலவும் குறைந்தது.

ஆனாலும் கிடுகு சும்மா இருக்காது. காகம் கூடு கட்ட ஈர்க்கை உருவிக்கொண்டு போகிறது. கோடையில் பக்கத்து வளவில் யாராவது குப்பை கொளுத்தினால் என் நெஞ்சும் சேர்ந்து எரிகிறது. தீயணைப்பு உருளை ஒன்றை வாசலிலேயே வைத்திருக்கிறேன். ஓலை உக்கினால் மறுபடி வேய வேண்டும். இந்த முறை கூலியும் கிடுகின் விலையும் கேட்டபோது, கெபின் விற்றவரின் அந்தத் தாளைத் தேடி எடுத்து ஒருமுறை வாசித்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வெப்பத் தடுப்பு, இடமாற்றம் என்று மேலே நானே அடுக்கிய நல்லதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். காணி சொந்தமானால் இரண்டு அறை கட்டி ஓடு போடுங்கள்.

கேட்கமாட்டார், எனக்குத் தெரியும். அப்படியானால் வெயில் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவரின் வளவில் தண்ணீர்ப் பம்பைப் போட்டுக் கூரைமேல் பீய்ச்சச் சொல்லி, உள்ளே நின்று வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுக்கட்டும். கிடுகு வேய்கிறவரின் எண் வேண்டுமானால் தருகிறேன், ஆனால் ஐப்பசி பிறக்குமுன் கேட்கவேண்டும். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் அகப்படமாட்டார்.