கறுப்புத் தாளில் கார்கான்டுவா: தாள், வெள்ளை, பேனா... காசை எதில் போடுவது?

வெள்ளை ஜெல் பேனாவை முதலில் வாங்காதீர்கள். 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்தில் வரும் கார்கான்டுவா என்ற கருந்துளையைக் கறுப்புத் தாளில் வரையக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பேனாவோடும் 48 கலர் பென்சில் டப்பாவோடும் வீடு திரும்புகிறார்கள். தாளுக்கு மட்டும் தெருமுனைக் கடை சார்ட் பேப்பர் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும். பாதிக் காசு தாளுக்கு, மீதியில் பெரும்பங்கு நல்ல வெள்ளைக்கு. நிறங்களில் ஐந்தாறு தனிப் பென்சில்கள் போதும். ஜெல் பேனாவுக்குக் கடைசிப் பத்து நிமிடம்தான் வேலை.

சென்னையில் வாங்கக் கிடைக்கும் பொருள்களை வைத்து, ஏ3 அளவு (297 × 420 மி.மீ.) படம் ஒன்றுக்கு எது உதவும், எது காலை வாரும் என்று பார்ப்போம்.

முதலில் தாள். கறுப்பு சார்ட் பேப்பர் மெல்லியது. இரண்டு, மூன்று பூச்சுக்கு மேல் பென்சில் ஏறாது, வெயில் படும் சுவரில் மாட்டினால் பழுப்பாகிவிடும். பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்காக விற்கும் கறுப்பு அட்டை. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை கேளுங்கள். வாங்கும் முன் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் மேல்பரப்புக்கு மட்டும் கறுப்பு ஏற்றிய அட்டை, அழுத்தித் தேய்த்தால் வெள்ளை எட்டிப் பார்க்கும். உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக இருந்தால் எடுக்கலாம். பளபளப்பு ஏற்றியது வேண்டவே வேண்டாம், அதில் பென்சில் வழுக்கும். அங்கேயே ஏ3-க்கு வெட்டி வாங்கிவிடுங்கள். கெட்டி அட்டையைச் சுருட்டினால் மடிப்புக் கோடு விழும், அந்தக் கோடு படம் முடிந்த பிறகும் தெரியும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் கான்சன் மி-தான்த் தாளின் கறுப்பு. 160 ஜிஎஸ்எம்தான், ஆனால் சாயம் நாரோடு கலந்தது. ஒரு பக்கம் தேன்கூடு போன்ற சொரசொரப்பு, மறுபக்கம் நயம். சொரசொரப்பு பாஸ்டலுக்கு (சாக்பீஸ் போலப் பொடியாகும் வண்ணம்) ஏற்றது. கருந்துளையின் வழவழப்பான ஒளிக்கு நயமான பக்கமே சரி. சொரசொரப்பில் வரைந்தால் குழிகளில் கறுப்பு தங்கி, கருந்துளையைச் சுற்றிச் சுழலும் ஒளி வட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தாளைப் பழிக்க வேண்டாம், பக்கத்தை மாற்றினால் போதும்.

பொருளைத் தொடர்வதற்கு முன் உருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் ஒரு வட்டம் போட்டு, சனிக்கோளுக்குப் போல ஒரு வளையம் மாட்டிவிடுகிறார்கள். மேலே தெரியும் வளைவு தனி வளையம் அல்ல. கருந்துளைக்குப் பின்னால் இருக்கும் வட்டின் ஒளி ஈர்ப்பால் வளைந்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் நமக்குத் தெரிகிறது. ஆகவே முன்பட்டையும் (கருந்துளைக்கு முன்னால் குறுக்கே ஓடும் வட்டின் பகுதி) மேல்வளைவும் இரு ஓரங்களில் ஒன்றோடொன்று கலந்து ஓட வேண்டும். ஏ3 தாளைப் படுக்கையாக வைத்தால் இந்த அளவுகள் ஒத்துவரும் (திரையில் அளந்தவை அல்ல, தாளுக்குப் பொருந்துபவை): நடுக் கறுப்பு வட்டத்தின் விட்டம் 9 செ.மீ., வட்டின் முழு நீளம் 34 செ.மீ., முன்பட்டை நடுவில் 6 மி.மீ. தடிமனோடு மையத்துக்கு 5 மி.மீ. கீழே, மேல்வளைவு உச்சியில் 2 செ.மீ., கீழ்வளைவு 8 மி.மீ. கறுப்பு வட்டத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு ஒளிக்கோடு.

நிறத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். படத்துக்கு அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன் (2017-இல் இயற்பியல் நோபல் பெற்றவர்). அவரும் படத்தின் கணினிக் காட்சிகளைச் செய்த டபுள் நெகட்டிவ் நிறுவனத்தாரும் 2015-இல் 'கிளாசிக்கல் அண்ட் குவான்டம் கிராவிட்டி' இதழில் வெளியிட்ட கட்டுரையில், சுழலும் வட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் நீலமாகவும் மிகப் பிரகாசமாகவும், விலகும் பக்கம் மங்கலாகவும் தெரிய வேண்டும் என்பதையும், பார்வையாளர் குழம்பக்கூடாது என்று படத்தில் அதை விட்டுவிட்டதையும் எழுதியிருக்கிறார்கள். இரு பக்கமும் ஒரே ஆரஞ்சு என்றால் திரைப்படத்தின் கார்கான்டுவா. ஒரு பக்கம் வெளுத்த நீலம், மறுபக்கம் அணையும் செம்பழுப்பு என்றால் இயற்பியலின் கார்கான்டுவா. இரண்டாவதைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம், ஏனென்றால் முதலாவதை எல்லாரும் வரைந்துவிட்டார்கள். பாதி ஆரஞ்சு, பாதி தயக்கம் என்று நடுவில் நின்றால் பார்ப்பவர் கை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்.

இனி வெள்ளை. மூன்று வெள்ளை தேவை, மூன்றும் வேறு வேறு ஆட்கள்.

மங்கலான ஒளிப்படலத்துக்கு வெள்ளை பாஸ்டல் பென்சில். ஃபேபர்-காஸ்டெல் பிட் வரிசையில் தனியாகக் கிடைக்கும். முனையை பிளேடால் சுரண்டிப் பொடியாக்கி, காது குடையும் பட்ஸால் வளைவின் வெளிப்புறமாக இழுத்தால் புகை போலப் பரவும். இந்த வேலையில் இதற்கு ஈடில்லை, பத்துக்கு ஒன்பது. ஒரு நிபந்தனை: மெழுகுப் பென்சில் படும் முன்பே இது முடிந்துவிட வேண்டும். மெழுகின் மேல் பாஸ்டல் பொடி ஒட்டாது. பலர் இங்கேதான் வரிசையை மாற்றிவிட்டு, பென்சில் சரியில்லை என்கிறார்கள்.

வட்டின் உடலுக்கு மெழுகுக் கலர் பென்சில். கறுப்பில் நிறம் நேரடியாகப் போட்டால் விழுங்கப்படும், அடியில் வெள்ளை வேண்டும். பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகு வகை. மிருது, மூடும் தன்மை அதிகம், கறுப்பில் பளிச்சென்று நிற்கும். கீழே விழுந்தால் உள்ளுக்குள் முறிந்து, சீவச் சீவ முனை கழன்றுகொண்டே இருக்கும் என்பது அதன் சாபம். ஃபேபர்-காஸ்டெல் பாலிகுரோமோஸ் எண்ணெய் வகை. முனை கூர்மையாக நிற்கும், வட்டின் நீளமான இழைகளுக்கு அருமை. ஆனால் கறுப்பில் அதன் வெள்ளை சற்று ஏமாற்றும். மொத்த டப்பா வேண்டாம். வெள்ளை, கிரீம், மஞ்சள்-ஆரஞ்சு, செம்பழுப்பு, அடர் பழுப்பு, வெளிர் நீலம் என்று உதிரியாக ஆறு வாங்குங்கள்.

போடும் விதம் முக்கியம். வட்டின் உள் ஓரத்தில் வெள்ளையை மெதுவாக நான்கு அடுக்கு ஏற்றி, வெளியே போகப் போக ஒரு அடுக்காகக் குறையுங்கள். வெளி விளிம்பில் வெள்ளையே வேண்டாம், அடர் பழுப்பு மட்டும் தாளோடு கரையட்டும். முதல் அடுக்கிலேயே அழுத்தினால் பரப்பு கண்ணாடி மாதிரி இறுகிவிடும், பிறகு எந்த நிறமும் ஏறாது. இழைகளை எப்போதும் வட்டின் வளைவோடு ஓட்ட வேண்டும். குறுக்கே ஒரு கீறல் போனாலும் சுழற்சி நின்றுபோன மாதிரி இருக்கும்.

மூன்றாவது வெள்ளை போஸ்டர் கலர். கேமலின் சிறு குப்பி ஒன்று நாலைந்து படத்துக்கு வரும். நட்சத்திரமும் உச்ச ஒளியும் இதன் பொறுப்பு. நட்சத்திரத்துக்குப் பால் பதத்தில் கரைத்து, பழைய டூத்பிரஷில் தொட்டு, தாளிலிருந்து 25–30 செ.மீ. தள்ளி விரலால் தெறிக்க விடுங்கள். கிட்டே போனால் நட்சத்திரம் அரிசி அளவுக்கு விழும். முதல் இரண்டு தெறிப்பு செய்தித்தாளுக்கு. நடுக் கறுப்பு வட்டத்தை 9 செ.மீ. காகித வட்டத்தால் மூடாமல் இதைத் தொடவே கூடாது. கருந்துளைக்குள் ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்தாலும் படம் போச்சு. உச்ச ஒளிக்கு மோர் அல்ல, கெட்டித் தயிர்ப் பதம். காய்ந்ததும் சாம்பலாக இறங்கும், இரண்டாவது கை கொடுத்தால் வெளுக்கும். முதல் கை முழுக்கக் காயாமல் இரண்டாவதைப் போட்டால் அடியிலுள்ளது கரைந்து கிளம்பும்.

ஆக வரிசை இப்படி: உருவரை, நட்சத்திரத் தெறிப்பு, பாஸ்டல் பொடி, கலர் பென்சில், போஸ்டர் வெள்ளை, ஜெல் பேனா. உருவரைக்கு கிராஃபைட் பென்சில் ஆகாது, பளபளக்கும். பட்டர் பேப்பரில் வரைந்து, பின்புறம் பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தேய்த்து, மேலிருந்து படியெடுங்கள். அழிக்க, பிசையும் ரப்பர். சாதாரண ரப்பர் தேய்த்த இடம் கறுப்பில் மினுங்கும். மாஸ்கிங் டேப்பை ஒட்டுமுன் சட்டைத் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் தாளின் தோலோடு வரும்.

இப்போது ஜெல் பேனா. யூனிபால் சிக்னோ யூஎம்-153-இன் பந்து 1.0 மி.மீ., மை நன்றாக மூடும், தடித்த மினுக்கத்துக்கு ஏற்றது. கறுப்பு வட்டத்தை ஒட்டிய மயிரிழை ஒளிக்கோட்டுக்கு அது தடிமன் அதிகம். அங்கே சகுரா ஜெல்லி ரோலின் 05 நல்லது. இரண்டுக்கும் எதிரி மெழுகு. பென்சில் கனமாக ஏறிய இடத்தில் ஓட்டினால் பந்தில் மெழுகு சிக்கி மை நின்றுவிடும். டிஷ்யூவில் துடைத்து, சொரசொரப்பான தாளில் கிறுக்கினால் திரும்ப ஓடும். எளிய தீர்வு, ஒளிக்கோடு வரும் இடத்தை முதலிலிருந்தே பென்சில் படாமல் 1 மி.மீ. விட்டுவைப்பது. போட்ட கோட்டின் மேல் ஈரத்திலேயே இன்னொரு கோடு போட்டால் முதல் மை உரிந்து மங்கும். சென்னைப் புழுக்கத்தில் காயப் பத்து நிமிடம் கொடுங்கள், கைக்கு அடியில் ஒரு தாள் இருக்கட்டும். கடையில் வாங்கும்போது உங்கள் கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் எழுதிப் பாருங்கள். கடையின் வெள்ளைக் கிறுக்குத் தாளில் வெள்ளைப் பேனாவைச் சோதித்து என்ன தெரியப்போகிறது?

பொடி உதிராமல் பிடித்துவைக்கும் பிக்சட்டிவ் ஸ்ப்ரே விஷயத்தில் எச்சரிக்கை. அடித்ததும் வெள்ளை பாஸ்டலில் பெரும்பகுதி காணாமல் போகும். அடிப்பதானால் பாஸ்டலுக்குப் பின், பென்சிலுக்கு முன், இரண்டு அடி தள்ளி, ஒரே ஒரு மெல்லிய பூச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்கவே வேண்டாம். அந்த மாதங்களில் கறுப்புத் தாளில் பூஞ்சை வெள்ளைப் புள்ளியாகக் கிளம்பும், நட்சத்திரம் கூடிவிட்டதோ என்று முதலில் தோன்றும். பட்டர் பேப்பர் இடையில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கோப்பில் போடுங்கள். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனரில் வைத்தால் கறுப்பு சாம்பலாகி, பென்சில் மெழுகு பளபளக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மொட்டை மாடி நிழலில் தாளைச் சாய்த்து வைத்து, போனில் வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுங்கள். நடு வட்டம் அப்போதுதான் உண்மையிலேயே கறுப்பாக விழும்.