பைத்தான், ஜாவா, கோலாங்: ஒன்பது ஆண்டுகளும் ஒரு ரூபாயும்

பெங்களூரு கோரமங்களாவில் பதினோரு பேர் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 2016 முதல் இருக்கிறேன். சிக்பேட்டை ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கும், திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் அவர்களுக்குச் சரக்கு அனுப்புவோருக்கும் பில் போடும் மென்பொருளைச் செய்து தருவதுதான் எங்கள் தொழில். எந்த நிரல்மொழியில் எழுதுவது என்ற கேள்வி இந்த ஒன்பது ஆண்டுகளில் மூன்று முறை எங்கள் முன் வந்தது. முதல் முறை யோசிக்காமலும், இரண்டாம் முறை வேறு வழியில்லாமலும், மூன்றாம் முறை மட்டும் ஒரு மாதம் உட்கார்ந்து பேசியும் முடிவெடுத்தோம்.

தொடக்கத்தில் பைத்தான் 2.7ஐ எடுத்தோம். பைத்தான் 3 வெளிவந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தபோதும் பழையதையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம், கடைகளில் இருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்களுக்காக எங்களிடம் இருந்த நிரல் அதில்தான் ஓடியது. அந்த முடிவை இன்று நான் முழுவதுமாகக் குறை சொல்ல மாட்டேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது வரிக்கணக்கு முழுவதையும் சில வாரங்களில் மாற்றி எழுத முடிந்தது பைத்தானால்தான். விகிதங்களும் விதிகளும் வாரத்துக்கொரு முறை திருத்தப்பட்ட அந்தக் காலத்தில், காலையில் வந்த அறிவிப்பை மாலைக்குள் நிரலில் சேர்க்க முடிந்தது.

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிவதாக அறிவிக்கப்பட்டிருந்ததால், 2019இல் நான்கு மாதங்களைச் செலவிட்டுப் பைத்தான் 3க்கு மாறினோம். ஐந்தை இரண்டால் வகுத்தால் பழையதில் 2 வரும், புதியதில் 2.5 வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த மாற்றம் என்பதால், அதைத் தேடித்தேடித் திருத்தினோம். தமிழில் எழுதிய கடைப் பெயர்கள் திடீரென்று பிழைச்செய்தியைக் கொட்டி நிரலை நிறுத்தும் பழைய தொல்லையும் ஒழிந்தது. எல்லாம் சரியாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

மூன்றாவது முடிவுக்கு எங்களைத் தள்ளியது மின்-விலைப்பட்டியல் விதி. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று 2020 அக்டோபரில் தொடங்கிய விதி, 2021 ஜனவரியில் 100 கோடிக்கும், ஏப்ரலில் 50 கோடிக்கும் இறங்கியது. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அந்த வரம்புக்குள் வருவார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. பின்னர் அது 20 கோடி, 10 கோடி என்று குறைந்து 2023 ஆகஸ்டில் 5 கோடியில் வந்து நின்றது. ஒவ்வொரு பில்லையும் அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பி, அது தரும் பதிவு எண்ணையும் கையொப்பமிட்ட க்யூஆர் குறியீட்டையும் வாங்கி அச்சிட வேண்டும். மாத முடிவில் எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் பில்களை அனுப்பும்போது எங்கள் சர்வர் திணறியது.

வேகத்துக்காக மட்டும் பைத்தானை விட்டோம் என்று சொன்னால் அது உண்மையாகாது. மறுமுனையின் பதிலுக்குக் காத்திருப்பதுதான் இந்த வேலையில் பெரும்பங்கு; அப்படிக் காத்திருக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு இழையை மட்டுமே ஓடவிடும் பைத்தானின் ஜில் (GIL) என்ற பூட்டு தடையாக இருப்பதில்லை. ஆனால் அச்சுக் கோப்பு தயாரிப்பது போன்ற கணிப்பு வேலைகளுக்காக நாங்கள் தனித்தனிப் பிராசஸ்களாக ஓட்டியதால், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நினைவகத்தை விழுங்கியது. வாடகைக்கு எடுத்த சர்வரின் மாதக் கட்டணம்தான் முதலாளியின் கண்ணில் பட்டது.

ஜாவா, கோ, ரஸ்ட் ஆகிய மூன்றையும் பரிசீலித்தோம். தமிழில் கோ என்றால் அரசன் என்றும் பசு என்றும் பொருள் விரிவதால், அதை இங்கே கோலாங் என்றே எழுதுகிறேன். ரஸ்ட்டை விரைவில் ஒதுக்கினோம். அது தீர்க்கும் சிக்கல்கள் எங்களுக்கு இல்லை. அதைக் கற்க ஆகும் நேரமும் எங்களிடம் இல்லை. ஜாவாவின் பக்கம் வலுவான வாதம் இருந்தது. பெங்களூருவில் ஜாவா தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்து வருவோரில் பலர் அதை ஏற்கெனவே தொட்டிருப்பார்கள். ஆனால் எங்களுக்குப் பழக்கமான, ஜாவாவுக்கான ஸ்பிரிங் சட்டகத்தில் (ஃபிரேம்வொர்க்) எழுதிப் பார்த்த மாதிரி நிரல், வேலையே இல்லாதபோதும் கோலாங் மாதிரியைவிடப் பல மடங்கு நினைவகத்தைப் பிடித்திருந்தது. கோலாங்கில் ஒரே கோப்பாகத் தொகுத்து சர்வரில் வைத்தால் ஓடிவிடும் என்பதும் சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆளில்லாத எங்களுக்குப் பெரிய வசதி. 2021 இறுதியில் கோலாங்கைத் தேர்ந்தோம்.

மாற்றி எழுதியதைச் சோதிக்க, பழைய பில்களை இரண்டு நிரல்களிலும் ஓட்டி ஒப்பிட்டோம். அங்கங்கே சில பில்களில் சரியாக ஒரு ரூபாய் வேறுபட்டது. ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி வழியாக வந்துபோகும் எங்கள் இளைய பொறியாளர் இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "அண்ணா, தப்பு புதுசுல இல்ல, பழசுலதான் இருக்கு" என்றார்.

1,050 ரூபாய்ச் சரக்குக்கு 5 சதவீத வரி சேர்த்தால் 1,102.50. இதை முழு ரூபாயாக்கினால் 1,103 என்றுதான் கடையில் எவரும் சொல்வார். ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாகக் கூட்ட வேண்டும் என்று வரித்தொகைக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவும் சொல்கிறது. பைத்தான் 2இன் ரவுண்ட் கட்டளையும் 1,103 என்றே தந்தது. பைத்தான் 3இலோ அதே கட்டளை, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும் என்று மாற்றப்பட்டிருந்தது, ஆகவே 1,102. அதே சமயம் 1,103.50 இரண்டிலும் 1,104 ஆகிவிடும் என்பதால், பாதி பில்கள் சரியாகவே வந்து எங்களை ஏமாற்றின. பைத்தான் 2இலிருந்து 3க்கு நிரலை மாற்றித் தரும் கருவி இந்தக் கட்டளையைத் தொடவில்லை, நாங்களும் தொடவில்லை. பிறகு விசாரித்ததில், சிக்பேட்டைக் கணக்கர் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக அந்த ஒரு ரூபாயைத் தன் பேரேட்டில் கையால் சரிசெய்து வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம். எனக்கு அவர் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கோலாங்கும் தன் பங்குக்குப் படுத்தியது. ஒரு சுற்றுக்குள் (லூப்) தொடங்கி ஒரே நேரத்தில் ஓடும் இணைவேலைகள் எல்லாம் ஒரே மாறியைப் பகிர்ந்துகொண்டதால், பத்து பில்கள் போக வேண்டிய இடத்தில் கடைசி பில் பத்து முறை சோதனைத் தளத்துக்குப் போனது. ஏற்கெனவே பதிவானது என்று அது ஒன்பது முறை திருப்பி அனுப்பியது. 2024இல் வந்த 1.22 பதிப்பில் மொழியே இதைத் திருத்திக்கொண்டது. கடைப் பெயரை வெட்டும் இடத்திலும் அடி வாங்கினோம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கோலாங்குக்கு 15 பைட். கொக்கியையும் புள்ளியையும் தனியாக எண்ணும் பைத்தான் 3க்கு 5. நமக்கு 3 எழுத்து. பைட் கணக்கில் வெட்டியபோது பெயரின் கடைசியில் கேள்விக்குறிக் கட்டங்கள் அச்சாகின. ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் பிழை வந்ததா என்று மூன்று வரி எழுதுவது சலிப்பூட்டும். ஆனால் அரசுத் தளம் பதில் தராமல் விழும் நாட்களில் அந்த மூன்று வரிகளே எங்களைக் காத்தன. 2021இல் எழுதிய நிரல் இன்றைய பதிப்பிலும் அப்படியே தொகுக்கப்படுகிறது. நான்கு மாதங்களை மொழிமாற்றத்தில் தொலைத்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஆள் சேர்ப்பதில்தான் கோலாங் எங்களைக் கஷ்டப்படுத்துகிறது. நன்கு தெரிந்தவர்கள் கேட்கும் சம்பளத்தை எங்களால் தர முடிவதில்லை. எனவே ஜாவா தெரிந்தவர்களைச் சேர்த்து உள்ளேயே கற்றுக்கொடுக்கிறோம். 2023இல் ஜாவா 21, ஒரே நேரத்தில் ஏராளமான வேலைகளைக் குறைந்த நினைவகத்தில் நடத்தும் இலகுவான இழைகளைக் கொண்டுவந்தது. அது இரண்டு ஆண்டுகள் முன்பே வந்திருந்தால் எங்கள் முடிவு வேறாக இருந்திருக்கலாம். அறிக்கைகளும் வரி விதிகளும் இன்றும் பைத்தானில்தான் இருக்கின்றன. அவற்றை மாற்றும் எண்ணமும் இல்லை. தொகைகளை மட்டும் எல்லா இடத்திலும் பைசாக்களாக, முழு எண்களாக வைத்திருக்கிறோம்.

இப்போது புதிய திட்டத்துக்கு யாராவது வேறு மொழியைச் சொன்னால், முதலில் 1,102.50ஐயும், சரக்குத் திரும்பும்போது வரும் வரவுக்குறிப்புக்காக (கிரெடிட் நோட்) மைனஸ் 1,102.50ஐயும் முழு ரூபாயாக்கிக் காட்டச் சொல்கிறோம். ரஸ்ட் 1,103 என்றும் மைனஸ் 1,103 என்றும் காட்டியது. ஜாவாவின் மேத் ரவுண்ட் முதலாவதை 1,103 என்றும் இரண்டாவதை மைனஸ் 1,102 என்றும் தந்தது. அதைக் கொண்டுவந்தவர் முழு எண்ணாக்கும் விதியை நாமே தேர்ந்துகொள்ளக்கூடிய பிக்டெசிமல் என்ற ஜாவா எண் வகையில் மறுபடி எழுதி எடுத்துவரப் போயிருக்கிறார்.