குறைந்த தேடல் எண்ணிக்கை கொண்ட கீவேர்டுகள்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தையல் இயந்திர உதிரிப் பாகங்களை விற்பதோடு, பழுதுநீக்கக் குறிப்புகளையும் வெளியிடும் ஒரு வலைத்தளத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். தேடுபொறியில் மக்கள் தட்டச்சு செய்யும் சொற்களையே கீவேர்டுகள் என்கிறோம். மிக அரிதாகத் தேடப்படும் கீவேர்டுகளுக்காகப் பக்கம் எழுதுவது பயன் தருமா என்பதே இங்கே கேள்வி. மாதத்திற்குப் பத்துப் பேர்கூடத் தேடுவதில்லை என்று தேடல் எண்ணிக்கையை மதிப்பிடும் கருவிகள் காட்டும் கீவேர்டுகளுக்காகப் பக்கங்களை எழுதுவது, பொருளோ சேவையோ விற்கும் தளத்திற்கு உறுதியாகப் பயன் தருகிறது என்பதே இத்தனை காலத்தில் நான் கண்டது. பார்வையாளர்களின் எண்ணிக்கையையும் விளம்பர வருமானத்தையும் மட்டுமே நம்பியிருக்கும் தளத்திற்கு அதே உழைப்பு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

இந்தக் கேள்வியில் பலரும் தயங்கி நிற்பது கருவி காட்டும் எண்ணைப் பார்த்துத்தான். ஒரு சொல் எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் கீவேர்ட் பிளானர் விளம்பரதாரர்களுக்காக உருவாக்கப்பட்டது. விளம்பரச் செலவு குறைவாக உள்ள கணக்குகளுக்கு அது 10 முதல் 100 வரை, 100 முதல் 1,000 வரை என அகன்ற வரம்புகளையே காட்டுகிறது. நெருங்கிய சொல் வடிவங்களைச் சேர்த்து ஒரே எண்ணாகவும் தந்துவிடுகிறது. பிற நிறுவனங்களின் கருவிகள் தருவனவும் மதிப்பீடுகளே. தேடல் அரிதாக இருக்க இருக்க அவற்றை நம்புவது கடினமாகிறது. மேலும், ஒவ்வொரு நாளும் தன்னிடம் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்கு முன் ஒருபோதும் தேடப்படாதவை என்று கூகுள் நிறுவனமே பலமுறை கூறியுள்ளது. நேற்றுவரை யாரும் கேட்டிராத கேள்விக்கு எந்தக் கருவியிலும் எண் இருக்க முடியாது. ஆகவே, கருவி பூஜ்யம் காட்டினால் யாருமே கேட்பதில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. அந்தக் கேள்வி அளக்கப்படவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள்.

எங்கள் தளத்தில் இதை மிகத் தெளிவாகக் காட்டியது ஊசிகளைப் பற்றிய ஒரு பக்கம். வீட்டுத் தையல் இயந்திரங்களில் பொருந்தும், தண்டின் ஒரு பக்கம் தட்டையான ஊசி வகைக்கு 130/705 எச் என்றும், எச்ஏ பெருக்கல் 1 என்றும், 15 பெருக்கல் 1 என்றும் மூன்று குறியீடுகள் வழக்கில் உள்ளன. கையில் உள்ள உறையில் எது அச்சிடப்பட்டிருக்கிறதோ அதையே மக்கள் தட்டச்சு செய்கிறார்கள். அதனுடன் ‘தடித்த துணிக்கு’, ‘ஜீன்ஸ் தைக்க’, ‘தையல் விட்டுப்போகிறது’ என்று தம் தேவையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தச் சேர்க்கைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. ஆனால், மூன்று குறியீடுகளையும் ஒரே இடத்தில் விளக்கி, எந்தத் துணிக்கு எந்த அளவு என்பதையும், வளைந்த ஊசி, பொருந்தாத அளவு, கொக்கி ஊசியின் நூலைப் பிடிக்கும் நேரம் தவறும் டைமிங் விலகல் ஆகியவற்றால் தையல் எப்படி விட்டுப்போகிறது என்பதையும் படங்களுடன் எழுதிய பிறகு, அந்த ஒரே பக்கம் அத்தனை கேள்விகளையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. வருகையாளர்கள் குறைவுதான், என்றாலும், அப்படி வருபவர் பழுதான இயந்திரத்தின் முன் அமர்ந்து, எந்த ஊசியை வாங்குவது என்று முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார். ‘தையல் இயந்திரம்’ என்று மட்டும் தேடி வருபவர் படம் தேடும் மாணவராக இருக்கலாம், விலை விசாரிப்பவராக இருக்கலாம், வரலாறு படிக்க விரும்புபவராகவும் இருக்கலாம். அந்தப் பொதுச் சொல்லுக்கான போட்டியில் சிறிய தளம் முன்னுக்கு வருவதும் அரிது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு சாதகமும் உண்டு. கூகுள் விளம்பரங்களில் மிகக் குறைவாகத் தேடப்படும் கீவேர்டுகளுக்குக் குறைந்த தேடல் அளவு என்ற நிலை வழங்கப்படுகிறது. தேடல் உயரும் வரை அந்தக் கீவேர்டைக் கொண்டு விளம்பரம் காட்டப்படுவதில்லை. பணம் செலவிட ஆயத்தமாக இருக்கும் பெரிய நிறுவனமும் அந்த வாடிக்கையாளரை அந்தச் சொல்லால் நேரடியாகக் குறிவைக்க இயலாது. தரமான பக்கத்தை எழுதியவருக்கே அவரைச் சென்றடையும் வாய்ப்பு அதிகம்.

அதே வேளையில், ஒரு சொற்றொடருக்கு ஒரு பக்கம் என்ற முறையை நான் கடுமையாக மறுக்கிறேன். கூகுள் தன் தேடல் முறையில் 2013இல் கொண்டுவந்த ஹம்மிங்பேர்டு மாற்றமும் 2019இல் கொண்டுவந்த பெர்ட் மாற்றமும் கூகுளைச் சொற்களின் பொருளை உணரும் திசையில் நகர்த்திவிட்டன. ஊருக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று என ஏறத்தாழ ஒரே உரையைப் பக்கம் பக்கமாகப் பெருக்குவது இன்று வாசகருக்கும் பயனில்லை, தளத்திற்கும் கேடு. தரவரிசையைப் பிடிப்பதற்காகவே பெருமளவில் உருவாக்கப்படும் உள்ளடக்கத்தை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்தது. ஒரு பக்கத்தை எழுதத் தகுதியாக்குவது, வேறு பக்கத்தில் இல்லாத விடை அதில் இருப்பதுதான்.

எந்தக் கேள்விகளை எடுப்பது என்பதைக் கருவிகளைவிட வாடிக்கையாளர்களே நன்றாகச் சொல்கிறார்கள். தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் இருவர் மூவர் ஒரே ஐயத்தைக் கேட்டால், கருவி என்ன எண்ணைக் காட்டினாலும் அதை எழுதிவிடுகிறேன். அடுத்தபடியாக, தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்பதை அதன் உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் ஏற்கெனவே உள்ள பக்கங்கள் எந்தெந்தத் தேடல்களுக்குத் தோன்றியும் கிளிக் பெறாமல் போகின்றன என்பதைப் பார்க்கிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: மிக அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி சர்ச் கன்சோல் பட்டியலில் காட்டுவதில்லை, மொத்தத்தில் மட்டுமே சேர்க்கிறது. இதனால் பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைவாகவே வருகிறது. இவ்வகைப் பக்கங்களில் அந்த இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. பலனைச் சொல்வாரியாக அளப்பவர் பாதி வருகையைக் காணாமலேயே தம் உழைப்பு வீண் என்று எண்ணிவிடுவார். பக்கவாரியாக அளப்பதே சரியான முறை. 16 மாதத் தரவு அங்கே கிடைப்பதால், ஒரு பக்கத்தின் தலைவிதியை முடிவு செய்ய ஓராண்டாவது பொறுத்திருக்கலாம். அதன் பிறகும் யாரும் வராத பக்கத்தை, அதற்கு நெருக்கமான பெரிய பக்கத்துடன் இணைத்து, பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடுகிறேன்.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். ஒரே வரியில் விடை முடிந்துவிடும் கேள்விகளுக்கு, அதாவது இந்த இரண்டு ஊசிக் குறியீடுகளும் ஒன்றுதானா என்பது போன்றவற்றிற்கு, தேடல் முடிவுப் பக்கத்தின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமே விடை தந்துவிடுவதால், பக்கம் தோன்றினாலும் கிளிக்குகள் குறைகின்றன. படம் பார்த்துச் செய்ய வேண்டியவற்றிற்கும், பாகத்தைப் பொருத்தி அளக்க வேண்டியவற்றிற்கும் அந்தக் குறைவு இதுவரை பெரிதாகத் தெரியவில்லை. எனவே, ஒரு வரி விடைகளுக்கெனத் தனிப் பக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைப் பழைய பக்கங்களைப் புதுப்பிப்பதில் செலவிடுகிறேன். உற்பத்தி நின்றுபோன ஒரு பாகத்தைப் பரிந்துரைக்கும் பக்கம், மாதத்திற்கு நான்கு பேர் மட்டுமே படித்தாலும், அந்த நால்வரையும் தவறான பொருளை வாங்க வைத்துவிடும்.