ஹட்டனில் ஆசிரியர்களுக்கான சனிக்கிழமைச் செயலமர்வு: காலைப் பகுதிக்காகப் போகலாம்

பிள்ளைகளுக்குப் படிப்பில் விருப்பம் வரவழைப்பது எப்படி என்று ஒரு தனியார் பயிற்சி நிலையம் நடத்திய ஒருநாள் செயலமர்வுக்குப் போன மாதம் போயிருந்தேன். பகல் சாப்பாட்டோடு 2,000 ரூபா. நான் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கடைசி வாங்கில் இருந்து ஜன்னலையே பார்க்கிற பிள்ளைகளை எப்படித் திருப்புவது என்று தெரியாமல்தான் காசைக் கட்டினேன்.

காலையில் வந்த வளவாளர் பேசத் தொடங்குமுன் ஆளுக்கு ஐந்து துண்டுக் காகிதம் கொடுத்தார். "பத்து நிமிஷம் யாரும் பேச வேணாம். திங்கட்கிழமையே வகுப்பில் செய்யக்கூடியதை எழுதுங்க" என்றார். அப்புறம்தான் எல்லாவற்றையும் டிமை தாளில் ஒட்டிப் பேச ஆரம்பித்தோம். கூடிப் பேசி யோசனை திரட்டும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத்துறைக்காரர். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோதுதான் அதிகம் கிடைத்ததாம். கேட்டதும் எங்கள் ஆசிரியர் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. மூத்தவர் ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் தலையாட்டி முடித்துவிடுவோம். அன்றைக்கோ, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத டீச்சர் எழுதிய துண்டைத்தான் எல்லாரும் சுற்றி நின்று பேசினோம். "பிள்ளைகளிடமே கேட்போம்" என்று எழுதியிருந்தார்.

கணக்கில் ஏன் மனம் போவதில்லை என்று திங்கட்கிழமை கேட்டேன். 31 பிள்ளைகள், பெயர் எழுத வேண்டாம் என்றேன். ஆறு பேர் மழையில் சப்பாத்து காயவில்லை என்று எழுதியிருந்தார்கள். பதினொரு பேர், கரும்பலகைக்குக் கூப்பிட்டால் பிழைத்துவிடும், எல்லாரும் சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷமாக அவர்களுக்குக் கணக்கில் அக்கறை இல்லை என்று நினைத்திருந்தேன். அந்தத் துண்டுகளை வாசித்தபோது மனம் கனத்துவிட்டது.

இப்போது முதலில் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து கொப்பியில் செய்கிறார்கள், பிறகு இரண்டு பேராகவே கரும்பலகைக்கு வருகிறார்கள். சதவீதப் பாடத்துக்கு வீட்டிலிருந்தே ஒரு கணக்கைக் கொண்டு வரச் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை அம்மாவின் கொழுந்துக் கணக்கைக் கொண்டு வந்தாள். 24 கிலோ நிறுத்து, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று 3 கிலோ கழித்திருந்தார்கள். 12.5 சதவீதம் என்று அவளே கண்டுபிடித்துவிட்டு, "இது கூடத்தானே டீச்சர்?" என்று கேட்டாள். மணி அடித்தும் வகுப்பு அந்தப் பேச்சை விடவில்லை.

பகல் சாப்பாடு பரவாயில்லை. அதற்குப் பிறகு வேறொருவர் வந்தார். நட்சத்திர அட்டைத் தொகுதி ஒன்றை 3,500 ரூபாவுக்கு விற்பதிலேயே முழு நேரமும் போனது. நல்லபடி செய்தால் நட்சத்திரம், வாரக் கடைசியில் அதிகம் வாங்கியவருக்குப் பரிசு. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. எங்கள் வகுப்பில் முதல் வாரமே யார் யார் வாங்குவார்கள் என்று இப்போதே சொல்லிவிடலாம். கடைசி வாங்குப் பிள்ளை தன் பெயருக்கு நேரே உள்ள வெறும் கட்டத்தைத் தினமும் சுவரில் பார்க்க வேண்டும். 1973இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் உண்டு. பிளாட்டிக்னம் பேனையால் வரைவதில் ஆசையாக இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் விருப்பப்பட்டு வரைந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளிடம் அப்படிக் குறையவில்லை. இதைச் சொல்லிக் கேட்டேன். "பிள்ளைகளுக்குப் பரிசு பிடிக்கும்தானே டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார். காலையில் அவ்வளவு நல்ல வேலை நடந்த அதே மண்டபத்தில் இதையும் கேட்க வேண்டியிருந்தது வருத்தம்தான்.

போகிறவர்கள் காலை எட்டரைக்கே போய்விடுங்கள், அந்தத் துண்டுக் காகித வேலையைத் தவறவிடக் கூடாது. அட்டை வாங்க வேண்டாம், வாங்காவிட்டாலும் சான்றிதழ் தருகிறார்கள். காலைப் பகுதியை மட்டும் எங்கள் பாடசாலைக்கே வந்து நடத்தித் தர முடியுமா என்று நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் கட்டணத்தோடு இங்கே சேர்க்கிறேன்.