இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான கைதி பரபாஸ், சங்கிலியைக் கழற்றிய பிறகு எங்கே போனான்?

வாங்கியது: 'அன்பு வழி'. ஸ்வீடன்காரர் பேர் லாகர்குவிஸ்டின் நாவல், தமிழில் மொழிபெயர்த்தவர் எழுத்தாளர் க.நா.சு. நான் வாங்கும் இரண்டாவது பிரதி இது. முதல் பிரதி போன கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சர்ச்சில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் நான்தான் பரபாஸ். கன்னத்தில் கரி, கையில் பக்கத்து வீட்டு நாய்ச் சங்கிலி. மொத்த வேடமும் இரண்டு நிமிஷம். கூட்டம் "பரபாசை விடுதலையாக்கும்" என்று கத்தும், சேவகன் வந்து சங்கிலியைக் கழற்றுவான். ஒத்திகையில் கேட்டேன்: "அண்ணே, கழத்துன பொறவு நான் எங்க போணும்?" நாடகம் பழக்கிய அண்ணன் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்கயாவது போலே. மேடைய விட்டு எறங்கு, அவ்ளோதான்."

வேதாகமமும் அவனை அப்படித்தான் இறக்கிவிடுகிறது. நாலு சுவிசேஷத்திலும் பெயர் வருகிறது. மத்தேயு 'பேர்போன' கைதி என்கிறார், மாற்கும் லூக்காவும் கலகம், கொலை என்கிறார்கள், யோவான் 'கள்ளன்' என்பதோடு முடித்துக்கொள்கிறார். விடுதலைக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு வசனம் கிடையாது.

1950-இல் வந்த இந்த நாவல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. (மறு வருஷமே ஆசிரியருக்கு நோபல்.) விடுதலையானவன் வீட்டுக்குப் போகாமல், இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவுக்குப் போய், சரிவில் கொஞ்சம் தள்ளி நின்று, தனக்குப் பதிலாகத் தொங்குகிறவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கிளம்ப வேண்டும் என்று நினைக்கிறான், கால் நகரவில்லை.

வேதக் கதையை நாவலாக்குகிறவர்களில் பாதிப் பேர் நேரே இயேசுவின் மனசுக்குள் இறங்கிவிடுவார்கள். அங்கே எனக்குப் புத்தகம் மூடிவிடும். இவர் அந்தப் பக்கமே போகவில்லை. பரபாசின் கண்ணுக்கு எட்டியது மட்டும்தான். முற்றத்தில் அவரை முதலில் பார்க்கும்போது சுற்றிலும் ஒரு வெளிச்சம் தெரிகிறது. உடனே, இருட்டுச் சிறையிலிருந்து வந்த கண்ணல்லவா, அதனால்தான் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான். கல்லறைக்கு எதிரே ராத்திரியெல்லாம் காத்துக் கிடக்கிறான். உதடு பிளந்த ஒரு பெண் தேவதூதனைப் பார்த்தேன் என்கிறாள். அதே விடியலில், அதே இடத்தில் இவன் பார்த்தது காலியான கல்லறை மட்டும். எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை.

என்னை உலுக்கியது ஒலிவமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்க் காட்சி. மரித்து உயிரோடு எழுப்பப்பட்ட ஒருவனைப் பார்க்கப் பரபாஸ் போகிறான். நமக்கு, வேதத்தில் இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசருதான் ஞாபகம் வரும். பிரசங்கத்தில் லாசருவின் கதை அவன் வெளியே வந்ததும் ஸ்தோத்திரத்தோடு முடிந்துவிடும். இங்கே அவன் மேஜையில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டு நீட்டுகிறான். பரபாஸ் தயங்கித் தயங்கித்தான் வாயில் வைக்கிறான். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. ஆனால் போய் வந்தவனுக்கு இங்கே உள்ளதும் ஒன்றுமில்லையாம். இதைப் படித்த அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. மனைவி, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்புறம் சைப்ரஸ் செப்புச் சுரங்கம். சாஹக் என்ற அடிமையோடு ஒரே சங்கிலியில் பிணைப்பு. (சங்கிலி இவனை விடவே இல்லை, பாருங்கள்.) கழுத்தில் தொங்கும் அடிமைத் தகட்டின் பின்புறத்தில் கிறிஸ்துவின் பெயர். ரோம அதிகாரி விசாரிக்கும்போது சாஹக் மறுக்கவில்லை, சிலுவைக்குப் போகிறான். இவனோ எனக்குத் தெய்வம் எதுவும் இல்லை என்கிறான். பின்னே எதற்கடா இந்தப் பெயர் என்றால், நம்ப ஆசைப்படுகிறேன் என்று சொல்கிறான். அதிகாரி கத்தி முனையால் அந்தப் பெயரைக் கீறி அடிக்கிறார். வாரந்தவறாமல் கோயிலுக்குப் போகிற நான் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

குறைகளும் உண்டு. ரோம் நகரப் பகுதி அவசரம், தீப்பிடிக்கும் இடத்தில் ஆசிரியருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்ட மாதிரி. பெண்கள் வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். தமிழ்த் தலைப்பின் மேல்தான் எனக்குப் பெரிய கோபம். மூலத்தில் வெறும் 'பரபாஸ்'. 'அன்பு வழி' என்றால் பஸ் ஸ்டாண்டில் கொடுக்கும் கைப்பிரதி போல இருக்கிறது. அப்படி நினைத்தே புத்தகக் கடையில் இரண்டு முறை தள்ளி வைத்தேன். க.நா.சு.வின் நடை மட்டும் கெட்டி, ஜோடனை கிடையாது, சின்னச் சின்ன வாக்கியமாகப் போகும். இணையத்தில் விற்றவர் அட்டைகூட வைக்காமல் உறையில் போட்டு அனுப்பியதால் முனை மடங்கி வந்தது. அச்சுப் பிழை ஏராளம், திருத்தியவர் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். ஐந்துக்கு நாலு. போன ஒன்று தலைப்புக்கும் அச்சுக்கும் சேர்த்து.

முதல் பிரதிக்கு வருகிறேன். பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஏழாம் வார்த்தையைப் பிரசங்கிக்க எனக்குக் கொடுத்திருந்தார்கள். "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." இந்த நாவலின் முடிவிலும் பரபாஸ் சிலுவையில் கிட்டத்தட்ட அதையே சொல்கிறான். ஆனால் முன்னால் இருட்டு மட்டும்தான், அந்த இருட்டிடமே பேசுகிறவன் போலச் சொல்கிறான். பிரசங்கத்தில் அதைச் சொன்னேன். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) கீழே குனிந்து தன் வேதாகமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே செருப்பு மாட்டும்போது சபையின் பெண்கள் ஐக்கியத்து அக்கா ஒருத்தி மறித்தாள்.

"தம்பி, அவன் யார்ட்ட ஒப்புக்குடுத்தான்னு கடேசி வர சொல்லலையே?"

"புஸ்தகத்துலயும் இல்லக்கா."

"குடு, நான் பாக்கேன்."

ஏழு மாசம் ஆகிறது. கேட்டால், இன்னொரு தடவை படித்துவிட்டுத் தருகிறேன் என்கிறாள்.